சிஸ்டர் கிளம்பிய பிறகு 23 மணி நேரம்

மூச்சுக்குத் தொண்டையில் ஒரு குழாய், உணவுக்கு வயிற்றில் ஒரு குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் இரைந்துகொண்டிருக்கும் ஆக்சிஜன் மெஷின். பக்கவாதமோ நரம்பு நோயோ வந்த ஆயாவை, அதாவது பாட்டியை, இப்படித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்துக்கோ ஃபீனிக்ஸுக்கோ அனுப்பி வைக்கிறார்கள். பதிவு பெற்ற நர்ஸ், அதாவது சிஸ்டர், தினம் ஒரு மணி நேரம் வருவார். மீதி 23 மணி நேரம் வீட்டில் இருப்பது மருமகளும், பகலில் வரும் கேர்கிவரும், ஸ்கூல் விட்டு வரும் பேரனும்தான். இரவு 2 மணிக்குச் சளி அடைத்தால் கை வைக்கப் போவது மருமகள். சிஸ்டருடைய அந்த ஒரு மணி நேரத்தில் பாதியாவது அந்தக் கைக்குப் பழக்கம் கொடுப்பதில் போக வேண்டும். புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு ஃபைலில் கையெழுத்திட்டுப் போகிற வீட்டு நர்சிங், பாதி வேலையோடு நின்றுவிடுகிறது.

சிஸ்டர்களே, கற்றுக்கொடுக்கும்போது "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள். "செஞ்சு காட்டும்மா" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். சக்‌ஷன் (சளியை உறிஞ்சுவது), உள்குழாய் (தொண்டைக் குழாய்க்குள் கழற்றி மாட்டும் சின்னக் குழாய்) மாற்றுவது, வயிற்றுக் குழாயில் மருந்து விடுவது என ஒவ்வொன்றையும் மூன்று தடவை, நடுவில் நீங்கள் வாய் திறக்காமல், அவர் சரியாகச் செய்ய வேண்டும். அதில் ஒரு தடவை விளக்கை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில். இந்த ஊரில் கரண்ட் போவது நோய் முற்றுவதற்காகக் காத்திருப்பதில்லை.

தொண்டைக் குழாயிலிருந்து தொடங்குவோம். உயிர் போகும் இடம் அது.

சக்‌ஷன் கேத்தட்டரின், அதாவது சளியை உறிஞ்ச உள்ளே விடும் மெல்லிய குழாயின், அளவுக்கு ஒரு சின்னக் கணக்கு: குழாயின் உள்விட்டத்திலிருந்து 2-ஐக் கழித்து இரண்டால் பெருக்குங்கள். 8-ஆம் நம்பர் குழாய்க்கு 12, 7-க்கு 10. இதைவிடப் பருமனான கேத்தட்டர் குழாயை முழுக்க அடைத்துக்கொண்டு, சளியோடு நுரையீரல் காற்றையும் சேர்த்து உறிஞ்சிவிடும். ஆக்சிஜன் சடாரென்று விழும். மெஷினின் அழுத்தம் பெரியவர்களுக்கு 100 முதல் 120 மி.மீ. பாதரசம் போதும், 150-ஐத் தாண்டக் கூடாது. உள்ளே விடும்போது உறிஞ்ச வேண்டாம், வெளியே இழுக்கும்போதுதான். ஒரு இழுப்பு 10 விநாடிக்குள் முடிய வேண்டும். கேத்தட்டரை விடும்போது நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முட்டும்போது அவருக்கும் முட்டும். எவ்வளவு ஆழம் என்பதை ஒரு பழைய உதிரிக் குழாயில் அளந்து, கேத்தட்டரில் எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டிவிடுங்கள். "இருமல் வரும் வரை விடு" என்று சொல்லிக்கொடுத்தால் ஒவ்வொரு முறையும் மூச்சுக்குழாயின் அடிச்சுவரில் குத்தி, நாலாம் நாள் சளியில் ரத்தக் கீற்று வரும். சளியை இளக்குகிறேன் என்று ஒவ்வொரு முறையும் உப்புநீர் ஊற்றும் பழக்கமும் வேண்டாம். கெட்டிச் சளிக்கு ஈரப்பதமும் நெபுலைசரும்தான் வழி.

உறிஞ்சும் மெஷின் "வேலை செய்யவில்லை" என்று போன் வந்தால் மோட்டாரைக் குறை சொல்லும் முன் மூன்று இடம் பாருங்கள். ஜாடி மூடி சரியாக இறுகியிருக்கிறதா? ஜாடி முக்கால் பாகத்துக்கு மேல் நிரம்பியிருக்கிறதா? நிரம்பினால் சளித்தண்ணீர் ஏறி வடிகட்டியை நனைத்துவிடும். நனைந்த வடிகட்டி காற்றை விடாது, மோட்டார் மட்டும் சும்மா கத்தும். மூன்றாவது, டியூபில் எங்காவது மடிப்பு. தினம் காலையில் டியூப் முனையைக் கட்டைவிரலால் அடைத்து அழுத்தம் காட்டும் முள் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டால், இந்த மூன்றும் இரவு 2 மணிக்குத் தெரியவராது. கரண்ட் இல்லாமல் இயங்கும் கை சக்‌ஷனோ கால் சக்‌ஷனோ ஒன்று கட்டிலுக்கடியில் இருக்கட்டும்.

உள்குழாயை 4 முதல் 8 மணி நேரத்துக்கொரு முறை கழற்றிப் பார்க்க வேண்டும்; சளி அதிகமுள்ளவர்களுக்கு இன்னும் அடிக்கடி. வீட்டில் இரண்டு உள்குழாய் சுழற்சியில் இருப்பது நல்லது. அழுக்கானதைக் கழற்றியதும் சுத்தமானதைப் போட்டுவிட்டு, பிறகு நிதானமாகக் கழுவலாம். ஒன்றுதான் இருக்கிறதென்றால் மருமகள் அதைச் சமையலறைக் குழாயடியில் அவசர அவசரமாகத் தேய்த்து, ஈரத்தோடு திரும்ப மாட்டுவார். கொதித்து ஆறிய தண்ணீர், அதற்கென்றே உள்ள சின்ன பிரஷ், பிறகு நன்றாக உலர்த்தல். ப்ளீச்சில் ஊறவைக்க வேண்டாம்.

அடைத்துக்கொண்டால் வரிசை இது. உதடு நீலம் பாய்கிறது, நெஞ்சு இழுக்கிறது, குழாய் வாயில் கை வைத்தால் காற்று இல்லை. ஆள் கூப்பிடுங்கள், ஆக்சிஜனைக் கூட்டி முகத்துக்கும் தொண்டைக்கும் காட்டுங்கள். முதல் காரியம், உள்குழாயை உருவி எடுங்கள். பெரும்பாலான அடைப்பு அதற்குள்தான் உட்கார்ந்திருக்கும், அதோடு தீர்ந்துவிடும். தீரவில்லையென்றால் கேத்தட்டரை விட்டுப் பாருங்கள். இறங்கினால் உறிஞ்சுங்கள். இறங்கவில்லையென்றால் கஃபின், அதாவது குழாயைச் சுற்றி உள்ளே இருக்கும் பலூனின், காற்றை இறக்குங்கள். குழாயைச் சுற்றி வாய் வழியாகக் கொஞ்சம் மூச்சு போக இடம் கிடைக்கும். அப்போதும் இல்லையென்றால் முழுக்குழாயையும் எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். கட்டில் தலைமாட்டில் ஒரு டப்பாவில் அதே அளவில் ஒன்று, ஒரு நம்பர் சின்னதாக ஒன்று, ஜெல், 10 மி.லி. சிரிஞ்சு, கழுத்துப் பட்டி எல்லாம் இருக்கும். அதே அளவு உள்ளே போகாவிட்டால் முட்டி மோதாமல் சின்னதைப் போடுங்கள். இது ஆறிய துளைக்கு மட்டும். புதிதாகப் போட்ட முதல் வாரம் பத்து நாளில் துளை மூடிக்கொள்ளும், குழாய் தவறான வழியில் போகும். அந்த நிலையில் யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

ஒரு விஷயத்தில் அனுபவசாலிகளும் தடுக்குவார்கள். சில மாடல்களில் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை மாட்டும் வாய் உள்குழாயில்தான் இருக்கிறது. உள்குழாயை எடுத்து வீசிவிட்டுப் பையை மாட்டப் போனால் மாட்டாது. உங்கள் வீட்டுக் குழாய் எந்த வகை என்று முதல் நாளே மாட்டிப் பாருங்கள். குரல்வளையையே எடுத்துவிட்டவர் என்றால் மூக்குக்கும் வாய்க்கும் ஆக்சிஜன் காட்டிப் பயனில்லை, தொண்டைத் துளைக்கு மட்டும்தான். தலைமாட்டுச் சுவரில் இதைப் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள்: குழாயின் பெயர், நம்பர், மாற்றிய தேதி, குரல்வளை உண்டா இல்லையா. ஆம்புலன்ஸ்காரர் முதலில் தேடுவது அதைத்தான்.

கஃபின் அழுத்தம் 20-இலிருந்து 30 செ.மீ. நீர். வெளியே தொங்கும் குட்டி பலூனை விரலால் அழுத்திப் பார்த்து "சரியா இருக்கு" என்பது வெறும் ஊகம்; அழுத்தமானி ஒன்று சிஸ்டர் பையில் இருக்க வேண்டும். பேச்சு வால்வு மாட்டுகிற வீடுகளில் ஒரே சட்டம்: கஃப் முழுக்க இறங்கிய பிறகுதான் வால்வு. அந்த வால்வு மூச்சை உள்ளே விடும், வெளியே விடாது. கஃப் ஏறியிருந்தால் உள்ளே போன காற்றுக்கு வெளியே வர வழியில்லை. வால்வு டப்பாவின் மூடியில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

திருநீறு. யாரும் கையேட்டில் எழுதாத விஷயம், நம் வீடுகளில் தினம் நடப்பது. பூசை முடிந்து வந்தவர் ஆயாவின் நெற்றியில் பூசிவிட்டு, அன்பு மிகுதியில் கழுத்திலும் நெஞ்சிலும் பூசுவார். தொண்டைத் துளைக்கு இரண்டு விரல் தள்ளி உலர்ந்த சாம்பல்! அடுத்த மூச்சில் உள்ளே போகும். தடுத்தால் மனம் நோகும். ஆகவே மாற்று சொல்லுங்கள்: தண்ணீரில் குழைத்து, நெற்றியில் மட்டும், பூசுபவர் தலைமாட்டுப் பக்கம் நின்று. குளித்தபின் போடும் டால்கம் பவுடருக்கும் இதே தடைதான்.

ஆக்சிஜன் ஓடும் அறையில் சூடத் தட்டு சுற்றக் கூடாது. காமாட்சி விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி, அடுப்பு எல்லாமே 3 மீட்டருக்கு அப்பால். ஆக்சிஜன் தானாக எரியாது. எரிவதை வெறிகொண்டு எரியவைக்கும். போர்வையிலும் தலையணையிலும் ஊறிய ஆக்சிஜன், மெஷினை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் அங்கேயே நிற்கும். மூக்கு காய்ந்தால் வாசலின் தடவ வேண்டாம், தண்ணீரில் கரையும் ஜெல் தடவுங்கள். வெள்ளிக்கிழமை ஆரத்தியை வாசலில் எடுத்துவிட்டு, சுடரை உள்ளே கொண்டுவராமல், அதில் காட்டிய வெறுங்கையோடு வந்து கண்ணில் ஒற்றினால் ஆயாவுக்குப் போதும்.

இனி கரண்ட். 2023-இல் லோட் ஷெட்டிங், அதாவது மின்பற்றாக்குறையால் முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது, ஸ்டேஜ் 6 என்ற கடுமையான கட்டத்தில் நாட்கணக்கில் நின்றபோது வீட்டு நோயாளிகளைப் படுத்தியதில் பாதி தப்புக் கணக்கு. நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் ஆக்சிஜன் மெஷின், அதாவது கான்சன்ட்ரேட்டர், ஏறக்குறைய 350 வாட் எடுக்கும். இரண்டரை மணி நேர வெட்டுக்கு 875 வாட்-மணி. கடைக்காரர் விற்கும் 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் 1200 வாட்-மணி இருக்கிறதே என்று வாங்குவார்கள். அதில் பாதிக்குமேல் இறக்கினால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். இன்வெர்ட்டர் வேறு தன் பங்குக்கு ஒரு பத்தில் ஒன்றைத் தின்னும். கையில் நிற்பது 540. ஒன்றரை மணி நேரம்தான் வரும். அதைவிட மோசம், அன்றே இரண்டாவது வெட்டு வரும்போது பேட்டரி பாதிகூட ஏறியிருக்காது. லெட்-ஆசிட் முழுதாக ஏற 8, 10 மணி நேரம் கேட்கும். 24 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் என்றால் 6 மணி நேரம் கணக்கு வைக்கலாம். இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வேவ்தானா என்று கேளுங்கள். மற்ற வகையில் கம்ப்ரசர் சூடேறி முனகும், சில மெஷின்கள் அலாரம் போட்டு நின்றுவிடும்.

பேட்டரி இருந்தாலும் சிலிண்டர் ஒன்று வேண்டும். கணக்கு எளிது: சிலிண்டரின் தண்ணீர்க் கொள்ளளவு லிட்டரில், பெருக்கல் மானி காட்டும் பார். 5 லிட்டர் சிலிண்டர், 150 பார் என்றால் 750 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால் 375 நிமிடம், 6 மணிக்குக் கொஞ்சம் மேல். 5 மணி என்று சுவரில் எழுதுங்கள். ஸ்பேனர் சங்கிலியில் சிலிண்டரோடே தொங்க வேண்டும். இருட்டில் ஸ்பேனர் தேடும் வீடு பரிதாபம்.

2024 மார்ச்சுக்குப் பிறகு லோட் ஷெட்டிங் பெரும்பாலும் ஓய்ந்தது. சிலர் இன்வெர்ட்டரை விற்கிறார்கள். விற்க வேண்டாம். கேபிள் திருட்டும் டிரான்ஸ்பார்மர் வெடிப்பும் அட்டவணை பார்த்து வருவதில்லை. ப்ரீபெய்ட் மீட்டர் வீடுகளில் இன்னொரு பொறி உண்டு: கான்சன்ட்ரேட்டர் மட்டுமே நாளுக்கு 8 யூனிட்டுக்கு மேல் தின்னும். மாதக் கடைசியில் நள்ளிரவில் யூனிட் தீர்ந்தால் அதுவும் லோட் ஷெட்டிங்தான். மீட்டரில் 30 யூனிட்டுக்குக் கீழே போக விடாதீர்கள்.

கரண்ட்டோடு சேர்ந்து வரும் ஆபத்து ஒன்று யாருக்கும் உறைப்பதில்லை: இன்சுலின். நம் சமூகத்தில் சர்க்கரை இல்லாத வீடு எங்கே? நீண்ட நேர இன்சுலின் போட்டாயிற்று, வயிற்றுக் குழாயில் பம்ப் மணிக்கு 100 மி.லி. உணவு விட்டுக்கொண்டிருக்கிறது. பம்ப் பேட்டரி தீர்ந்து நின்றது. சாப்பாடு நின்றுவிட்டது, இன்சுலின் நிற்காது. பேச முடியாதவருக்கு வேர்ப்பதும் மயங்குவதும் தூக்கம் மாதிரித் தெரியும். பம்ப் நின்று ஒரு மணி நேரம் ஆனால் விரலில் குத்திப் பாருங்கள். ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை 50 மி.லி. தண்ணீரில் கரைத்துக் குழாயில் விட்டு, 30 மி.லி. தண்ணீரால் கழுவி, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். பம்ப் வரும் வரை காத்திருக்காமல் உணவை 60 மி.லி. சிரிஞ்சில் ஊற்றி, பிஸ்டன் இல்லாமல் உயரத்தில் பிடித்து, 200 மி.லி.-ஐ 20, 30 நிமிடத்தில் தானாக இறங்க விடலாம்.

வயிற்றுக் குழாய் அடைப்பதற்குக் காரணம் எப்போதும் சோம்பல் இல்லை, பாசம்கூடக் காரணம். அரிசிக் கஞ்சியும் ரசமும் "ஒரு வாய்" விடுவார்கள். கஞ்சி ஆறினால் கூழ், குழாயின் சுவரில் படிந்து இறுகும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் டயட்டீஷியனைக் கேட்டு, மெல்லிய துணியில் வடிகட்டிய தெளிவு மட்டும், முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர். மருந்துகளை ஒன்றாக இடித்துக் கலக்கக் கூடாது. ஒவ்வொன்றும் தனியாக, நடுவில் தண்ணீரோடு. மேலே பூச்சுள்ள மாத்திரை, மெதுவாகக் கரையும் மாத்திரை இரண்டையும் இடிக்கவே கூடாது. வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயின் சிரப்பை உணவோடு விட்டால் உணவிலேயே ஒட்டிக்கொண்டு ரத்தத்துக்குப் போகாது. வலிப்பு திரும்பி வந்தால், டோசைக் கூட்டும் முன் இதைக் கேளுங்கள். முன்னும் பின்னும் ஒன்று இரண்டு மணி நேரம் உணவை நிறுத்த வேண்டும். அடைத்துவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீர், பெரிய சிரிஞ்சு, மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, 20 நிமிடம் ஊறவிட்டு மறுபடி. 5 மி.லி. சிரிஞ்சால் முக்கினால் அழுத்தம் ஏறிக் குழாய் வெடிக்கும். கோக் ஊற்றும் வைத்தியம் உணவிலுள்ள புரதத்தைத் திரியவைத்து இன்னும் கெட்டியாக்கும்.

வயிற்றுக் குழாய் கழன்று வந்துவிட்டால் நேரம்தான் எதிரி. துளை சில மணி நேரத்தில் சுருங்கத் தொடங்கும். அதே அளவு ஃபோலி கேத்தட்டரை (முனையில் பலூன் உள்ள மூத்திரக் குழாயை) சிஸ்டர் உள்ளே வைத்துத் துளையைத் திறந்து வைக்கலாம். இடம் உறுதியாகும் வரை சொட்டுத் தண்ணீர்கூட விடக் கூடாது. போட்டு நாலு வாரம் ஆகாத குழாய் என்றால் எதையும் நுழைக்காமல் நேரே ஆஸ்பத்திரி. உணவு ஓடும்போதும் முடிந்து ஒரு மணி நேரமும் தலைமாடு 30 டிகிரிக்குக் குறையக் கூடாது. படுக்கவைத்து டயப்பர் மாற்றும் முன் பம்பை நிறுத்துங்கள். நிமோனியா வரும் வழிகளில் இது அடிக்கடி நடப்பது.

புண், மூத்திரக் குழாய் பற்றிச் சுருக்கமாக. இரண்டு மணிக்கொரு முறை 30 டிகிரி சாய்த்துத் திருப்புங்கள், குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்கால் கீழே தலையணை. மூத்திரப் பை தரையில் படாமல், இடுப்புக்குக் கீழே, மூன்றில் இரண்டு நிரம்பியதும் காலி. கழுத்திலோ மேல்முதுகிலோ தண்டுவடம் அடிபட்டவருக்குத் திடீரென்று தலை வெடிக்கும் வலி, முகம் சிவப்பு, ரத்த அழுத்தம் ஏற்றம் என்றால் பாரசிட்டமால் தேடாதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, மூத்திரக் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர்: 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. குழாய் வைத்த நோயாளி வீட்டில் கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு நாளுக்கு 6 லிட்டர் மூடி வைத்திருப்பது எங்கள் வழக்கம். கை கழுவ, துடைக்க 25 லிட்டர் தனி. டேங்கர் தண்ணீர் என்றால் 25 லிட்டருக்கு வாசனையில்லாத ஜிக் (ப்ளீச்) ஒரு டீஸ்பூன், இரண்டு மணி நேரம் நிற்கட்டும். வயிற்றுக் குழாய்க்குப் போவதை அதற்கு மேலும் கொதிக்கவையுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியைக் கும்பிடுகிறார்கள். கறுத்த தோலில் அது நிஜத்தைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும். குளிர்ந்த விரல், மருதாணி, நகப்பூச்சு வேறு குழப்பும். டர்பனில் 94 காட்டும் ஆளை ஜொகானஸ்பர்க்கின் லெனேஷியாவில் உள்ள மகள் வீட்டுக்குக் கொண்டுபோனால் அளவு சில புள்ளிகள் இறங்கும். ஜொகானஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து 1700 மீட்டருக்கு மேலே. குளிர்காலத்தில் அங்கே காற்று வறண்டு சளியும் இறுகும். நாள்பட்ட நுரையீரல் நோய் இருந்தால் டாக்டர் தரும் இலக்கு பெரும்பாலும் 88-இலிருந்து 92. 98 ஆக்க ஆசைப்பட்டு ஆக்சிஜனைக் கூட்டினால் மூச்சு மந்தமாகி ஆள் உறங்கிப் போவார். எண்ணைவிட, நோட்டில் "இன்று எத்தனை சக்‌ஷன்" என்ற கோடு சீக்கிரம் பேசும். வழக்கமாக 6 தடவை உறிஞ்சுபவருக்கு இன்று 14 என்றால், காய்ச்சல் ஏறும் முன்பே சிஸ்டருக்குப் போன் போட வேண்டும்.

ஏஜென்சி ஆள் அனுப்பினால் யார் நர்ஸ், யார் கேர்கிவர் என்று கேளுங்கள். தென்னாப்பிரிக்க நர்சிங் கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடலாம். யூனிஃபார்ம் யாரும் தைத்துப் போடலாம். முதியோர் பென்ஷனோ ஊனமுற்றோர் உதவியோ வாங்குபவருக்கு முழுநேரமும் ஆள் தேவைப்பட்டால் அரசின் சமூக உதவித்தொகை அலுவலகமான சாசாவில் கிராண்ட்-இன்-எய்ட் என்ற கூடுதல் உதவித்தொகை தனியே உண்டு. பலர் கேட்பதே இல்லை. வலி மருந்தான மார்ஃபின், கடும் கட்டுப்பாடுள்ள ஷெட்யூல் 6 பட்டியலில் இருக்கிறது. பழைய சீட்டை நீட்டி மறுபடி வாங்க முடியாது. புட்டியில் ஒரு வாரம் மிச்சமிருக்கும்போதே புதுச் சீட்டுக்குக் கிளம்புங்கள்.

கடைசியாகக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டை. பக்கவாதமோ மறதியோ வந்தபின் சில பெரியவர்கள் பிறகு கற்ற ஆங்கிலத்தை விட்டுவிட்டுச் சிறுவயதுத் தமிழுக்குப் போய்விடுகிறார்கள். பகலில் பக்கத்தில் இருக்கும் கேர்கிவர் ஜூலு பேசுபவர். நடுவில் பேரன், அவனுக்கு இரண்டிலும் அரைகுறை. ஆகவே அட்டையில் பத்துச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் படம்: தண்ணீர் (ஜூலுவில் அமான்ஸி), வலி (உபுஹ்லுங்கு), மூச்சு, திருப்பு, குளிருது, போதும். குரல் வராதவர் விரலைக் காட்டினால் போதும். அட்டையின் பின்பக்கம் ஆம்புலன்ஸ் எண் 10177, செல்போனிலிருந்து 112, வீட்டுக்கு வழி. சாட்ஸ்வொர்த்தில் பல வீடுகள் ரோட்டுக்குக் கீழே சரிவில் இருக்கின்றன. எத்தனை படி இறங்க வேண்டும், ஸ்ட்ரெச்சர் எந்தக் கதவில் நுழையும், நாயை யார் கட்டுவார் என்பதையும் எழுதுங்கள். லேமினேட் செய்யாதீர்கள். குழாய் நம்பர் மாறும், மருந்து மாறும், கேர்கிவரும் மாறுவார். பென்சிலால் எழுதி, ரப்பரையும் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள்.